அழித்தாலும் திரும்ப எரியும் எஞ்சின் லைட்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

"தம்பி, நாலு தரம் அழிச்சாச்சு. திரும்பவும் வந்து நிக்கு."

செக் எஞ்சின் லைட்டோடு மட்டக்களப்பில் என் கராஜுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே சொல்வது பெரும்பாலும் இதுதான். பழுது கண்டவுடன் கார் தன் கொம்பியூட்டரில் எழுதி வைக்கும் குறியீடுதான் 'கோட்'. அதை அழிப்பது, காய்ச்சல் பார்த்த தெர்மாமீற்றரை உதறி வைப்பது மாதிரி. காய்ச்சல் உடம்பில் அப்படியே இருக்கும். இன்னொரு கூட்டம் கோடில் எந்த சென்சரின் பெயர் வந்ததோ அதையே வாங்கி மாட்டிவிட்டு வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்க 2025 ஆகிவிட்டது. அதனால் நம் ரோட்டில் ஓடும் விட்ஸ், வேகன் ஆர், அக்சியோ, அக்வா எல்லாம் வயது போனவை. சாமான் விலையும் எல்லாருக்கும் தெரியும். குத்துமதிப்பாக ஒரு சென்சர் வாங்கிப் பார்க்கிற காலம் இல்லை இது.

கீழே இருப்பது நான் தினமும் பார்க்கிற ஒழுங்கு. காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு கூடியது கடைசியில்.

எதையும் தொடும் முன்

முதலில் லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள். மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டலாம், ஓரிரு நாளில் பார்க்கலாம். மினுங்கினால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பில் ஒயில் லைட்டோ வெப்ப லைட்டோ வந்தால் அது வேறு கதை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

அடுத்தது கோடை வாசிப்பது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசி உள்ள சொக்கட் இருக்கும். அதில் மாட்டும் இ.எல்.எம். 327 என்ற சின்ன அடாப்டரும் போனில் ஒரு செயலியும் போதும். பழைய ரீகண்டிசன் கார்கள் சிலவற்றில் இது பேசாது. அப்போது கராஜ் ஸ்கேனர்தான் வழி.

கோட் வந்தவுடன் அழிக்கும் பொத்தானில் கை வைக்க வேண்டாம். போனில் படம் எடுங்கள். கோட் மட்டும் போதாது. லைட் எரிந்த அந்த நொடியில் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஆர்.பி.எம். எவ்வளவு என்று கார் எழுதி வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று செயலியில் இருக்கும். நின்ற நிலையில் வந்த பழுதா, 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்ததா என்பதை அது சொல்லிவிடும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பற்றரி வயரைக் கழற்றி வைப்பதும் அழிப்பதுதான்.

அழித்து இரண்டு மூன்று நாள் கழித்து லைட் வருவதற்கும் காரணம் உண்டு. அனேகமான கோட்களுக்கு, இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்து பழுதைக் கண்டால்தான் கார் லைட்டை எரிய விடும். முதல் ஓட்டத்திலேயே 'பெண்டிங்' பகுதியில் கோட் உட்கார்ந்திருக்கும். லைட் இல்லை என்று சந்தோசப்படாமல் அங்கே பாருங்கள்.

லைட் மினுங்குகிறது, கார் உதறுகிறது

கோட் பி 0300 முதல் பி 0304 வரை இருக்கும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியவில்லை. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கன்வேர்ட்டரைச் சூடேற்றி உருக்கும். பொத்துவிலில் மினுங்கத் தொடங்கியதை மட்டக்களப்பு வரை ஓட்டிக்கொண்டு வந்தால், பிளக் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை கன்வேர்ட்டர் வேலையாக மாறும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள், ஏசியை அணையுங்கள். அப்போதும் மினுங்கினால் ஏற்றிக்கொண்டு வருவதே மலிவு.

கடைசி இலக்கம் எந்த சிலிண்டர் என்று சொல்லும். பி 0302 என்றால் இரண்டாவது. நம்மிடம் ஓடும் சின்ன ஜப்பான் கார்களில் பெல்ட் இருக்கும் பக்கம் முதலாவது. வேகன் ஆர், ஆல்ற்றோ, 2005க்குப் பிறகு வந்த ஒரு லீற்றர் விட்ஸ் எல்லாம் பெரும்பாலும் மூன்று சிலிண்டர். ஒன்று போனால் கார் முழுவதும் ஆடும், பயந்துவிட வேண்டாம்.

முதலில் கேட்கும் கேள்வி: நேற்று சர்வீஸ் செய்தீர்களா? எஞ்சினைப் பிரெசரில் கழுவி எடுத்த மறுநாள் உதறத் தொடங்கிய கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைக் கழற்றி ரோச் லைட் அடித்துப் பாருங்கள். பிளக் குழிக்குள் தண்ணீர் பளபளக்கும். பிளக்கைக் கழற்றும் முன் அதை உறிஞ்சி, காற்று அடித்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் போய்விடும். குழிக்குள் ஒயில் இருந்தால் மேலே உள்ள வால்வு கவர் பேக்கிங் போயிருக்கிறது. கொயிலை மட்டும் மாற்றினால் புதுக் கொயிலும் அந்த ஒயிலில் ஊறிக் கெடும்.

தண்ணீரும் இல்லை, ஒயிலும் இல்லை என்றால் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. எஞ்சின் ஆறிய பிறகு இரண்டாவது கொயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் போடுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி 0303 வந்தால் கொயில்தான் குற்றவாளி, வழக்கு முடிந்தது. திரும்பவும் பி 0302 என்றால் பிளக்கையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். பிளக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் வேண்டும். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியது போல மேலிருந்து கீழே மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் உள்ளே பாயாமல் வெளியே ஊர்ந்திருக்கிறது. அந்தப் பிளக்கோடு கொயிலின் ரப்பரையும் மாற்ற வேண்டும். இரிடியம் பிளக் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றர் போகும், சாதாரணப் பிளக் அதில் பாதியும் போகாது. இரிடியத்தின் இடைவெளியைத் தட்டி வளைக்காதீர்கள், முனை உடையும்.

எந்த சிலிண்டர் என்று சொல்லாமல் பி 0300 மட்டும் வந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றில் குறை இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு என்றால் பெற்றோலில் தண்ணீரைச் சந்தேகிப்பேன். 2022இல் தட்டுப்பாட்டு நேரம் கேனில் வாங்கி வைத்து ஊற்றிய பெற்றோலிலும் இதைக் கண்டேன். தெளிவான கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து அரை மணித்தியாலம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் படியும். ஆனால் தாங்கியை இறக்கி எடுக்கும் வேலையை வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டாம்.

பாஸை, அதாவது கைதேர்ந்த மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: கொயிலும் பிளக்கும் மாற்றியும் அதே சிலிண்டர் அடம் பிடித்தால். இனி பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர், அதுவும் நல்லது என்றால் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், அதாவது கம்பிரசன். அளவுக் கருவி இல்லாமல் இதில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் நிற்கப் பார்க்கிறது

பி 0171. எஞ்சினுக்குக் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று அர்த்தம். இந்தக் கோட்டுக்கு, புகையில் ஒக்சிஜனை அளக்கும் ஒக்சிஜன் சென்சரை மாற்றி ஏமாந்தவர்கள்தான் அதிகம். சென்சர் உண்மையைச் சொல்கிறது, உண்மை சொன்னவனைக் கழற்றி எறிகிறோம்.

படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியரின் விட்ஸ் வந்தது. வேறொரு இடத்தில் ஒக்சிஜன் சென்சர் மாற்றி, மூன்று தரம் கோட் அழித்து, மாதச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்திருந்தார். ஏர் பில்ரர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய் இருக்கிறதே, மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு மடிப்பாகத் தடவிக்கொண்டு போனேன். மூன்றாவது மடிப்பில் நகம் உள்ளே விழுந்தது. மூன்று விரல்கடை நீளத்துக்கு வெடிப்பு. கார் நிற்கும்போது மடிப்பு மூடியிருக்கும். அக்சிலேற்றரை மிதித்து எஞ்சின் சாயும்போது வாய் திறக்கும். குழாயை மாற்றிய நாளிலிருந்து அந்த லைட் வரவில்லை.

ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள். ஏர் பில்ரர் பெட்டியின் கிளிப் எல்லாம் பூட்டியிருக்கிறதா? பில்ரர் மாற்றிய பிறகு ஒரு கிளிப் விடுபட்டே பாதிக் கோட்கள் வருகின்றன. அடுத்தது அந்த ரப்பர்க் குழாய், விரலால். அடுத்தது வால்வு கவரிலிருந்து வரும் சின்ன பி.சி.வி. ஹோஸ். வயது போனால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பிறேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் பாருங்கள். காபரேட்டர் கிளீனர் அடித்து ஓட்டையைத் தேடும் பழக்கம் சிலரிடம் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

செயலியில் லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம் என்று ஒரு எண் இருக்கும். கார் பெற்றோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. இதைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கூட்டலிலும் கழித்தலிலும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. ஐட்லிங்கில் கூட்டல் 20க்கு மேல் நின்று, 2500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றிப் பிடித்தால் 5 வரை இறங்குகிறதா? எங்கேயோ காற்று ஒழுகுகிறது, திரும்பப் போய் ஹோஸைத் தேடுங்கள். மாறாக ஐட்லிங்கில் நன்றாக இருந்து வேகம் கூடக் கூட ஏறுகிறதா? காற்றை அளக்கும் மாஃப் சென்சர் அழுக்கு, அல்லது பெற்றோல் போதவில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் அறுவடைக் காலத்திலும் கிரவல் ரோட்டில் ஓடும் கார்களுக்கு மாஃப் அழுக்காவது சாதாரணம். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, தானாகக் காய விடுங்கள். துணி, பஞ்சு, பெற்றோல், பிறேக் கிளீனர் எதுவும் ஆகாது. உள்ளே இருப்பது தலைமயிர் மாதிரி மெல்லியது. எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவான த்ரொட்டிலைத் துடைக்கும்போது சாவியைத் திறந்து வைத்துக்கொண்டு தகட்டை விரலால் தள்ளாதீர்கள், மோட்டர் கெடும். துடைத்த பிறகு ஐட்லிங் கொஞ்ச நேரம் தடுமாறலாம். சில கார்களுக்கு ஸ்கேனரால் புதிதாகப் பழக்க வேண்டும்.

பாஸைக் கூப்பிட வேண்டிய இடம்: ஹோஸ் எல்லாம் நல்லது, மாஃப் சுத்தம், அப்போதும் வேகத்தில் ட்ரிம் ஏறுகிறது. பெற்றோல் அழுத்தம் அளக்க வேண்டும். அல்லது புகை விட்டு ஒழுக்குத் தேடும் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள்.

மழைக்குப் பிறகு, அல்லது சில நாள் நிறுத்தி வைத்த பிறகு வருகிறது

இது நம் ஊர்ப் பழுது. கடல் உப்பு, மாரி வெள்ளம், எலி மூன்றும் சேர்ந்து வயரைத் தின்கின்றன.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அக்சியோவோடு வந்தார். பி 0102, பி 0113 இரண்டும் ஒன்றாக. உள்ளே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு என்று ஸ்கேனரில் பார்த்தால் மைனஸ் 40 டிகிரி. வெளியே தார் ரோட் உருகும் வெயில். மைனஸ் 40 என்றால் சென்சர் பேசவே இல்லை, வயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். டொயோட்டாவில் மாஃபும் காற்று வெப்ப சென்சரும் ஒரே சொக்கட்டில் வரும். இரண்டு கோட்டும் ஒன்றாக வந்தால் இரண்டு சாமான் வாங்க ஓடாமல் அந்த ஒரு சொக்கட்டைப் பாருங்கள்.

"காக்கா, காரை எங்க நிப்பாட்டுறீங்க?"

"நெல்லு மூட்டை போட்டிருக்கிற கொட்டிலுக்குள்ளதான்."

ஏர் பில்ரர் பெட்டியைத் திறந்தேன். பில்ரரின் மேல் ஒரு கைப்பிடி நெல், உமி, வைக்கோல் துரும்பு. பெட்டிக்குப் பின்னால் வயரில் செம்பு தெரியும்படி பல் அடையாளம். சென்சர் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. வயரை ஒட்டி எடுத்தோம், அவ்வளவுதான் வேலை.

அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். உப்புக் காற்றில் அந்த முறுக்கு சில மாதத்தில் பச்சை பிடித்து, அதே கோட்டைத் திரும்பக் கொண்டு வரும். ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட வேண்டும். நாவலடி, கல்லடி, கல்முனை என்று கடற்கரை ஓரம் நிற்கும் கார்களில் சொக்கட்டைக் கழற்றினால் ஊசிகளில் பச்சைப் பொடி இருக்கும். கொன்டக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிறஸால் தேய்த்து, ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

அறுப்பு எங்கே என்று தெரியாவிட்டால் எஞ்சினை ஓட விட்டு, செயலியில் அந்த சென்சரின் எண்ணைத் திறந்து வைத்து, வயர்க் கட்டை ஒரு முனையிலிருந்து மெதுவாக அசைத்துக்கொண்டு போங்கள். பெல்ட், ஃபான் பக்கம் கை போகக் கூடாது. எண் எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் காயம்.

வெள்ளத்தில் நின்ற கார் மட்டும் தனி. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைப் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களில், நனைந்தது கொஞ்சம், நனைந்தபடி சாவி போட்டுக் கெடுத்தது அதிகம். கால் மிதியடி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் சாவி போடாதீர்கள். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கொம்பியூட்டர் பெட்டி சில மாடல்களில் டாஷ்போர்டுக்குக் கீழே காலடியில்தான் இருக்கிறது.

ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத ஐந்தாறு கோட்கள்

பற்றரியை அளங்கள். ஒரு இரவு நின்ற பிறகு 12.4 வோல்ற்றுக்கு மேல், ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே போகாமல், ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்புறம் பற்றரியிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகும் ஏர்த் வயர். துரு பிடித்திருந்தால் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள். ஐந்து சென்சர் ஒரே நாளில் சாவதில்லை.

ஓட்டம் நல்லது, லைட் மட்டும் எரிகிறது

பி 0455, பி 0442 என்றால் பெற்றோல் ஆவி எங்கோ ஒழுகுகிறது. முதலில் பார்க்க வேண்டியது பெற்றோல் மூடி. மூன்று தரம் கிளிக் சத்தம் கேட்கும்வரை திருகுங்கள், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். சில மாடல்களில் மட்டும்தான் இந்தக் கோட் வரும்.

பி 0135, பி 0141 ஒக்சிஜன் சென்சரின் சூடாக்கி. முதலில் பியூஸ், பிறகு சைலன்சரில் பட்டு உருகிய வயர், கடைசியில் சென்சர்.

பி 0128 எஞ்சின் போதுமான அளவு சூடாகவில்லை என்பது. முதலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர்த் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். அது சரி என்றால் ஒரு கேள்வி: தேர்மோஸ்டாட் இருக்கிறதா? 'நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை' என்று கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விடச் சொல்லுங்கள். திறந்த ரோட்டில் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது. இன்னும் குளிர்தான் என்று நினைத்துக் கார் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். செயலியில் சூடு 85க்கும் 95க்கும் இடையில் நிற்க வேண்டும்.

பி 0420 கட்டலிற்றிக் கன்வேர்ட்டரைப் பற்றியது. விலை கூடிய சாமான், அவசரப்பட வேண்டாம். முதலில் சைலன்சர்க் குழாயின் மூட்டுகளில் கரி படிந்து ஒழுக்கு இருக்கிறதா பாருங்கள். அடுத்து, எஞ்சின் சூடான பிறகு 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு பின் ஒக்சிஜன் சென்சரின் வோல்ற்றேஜைப் பாருங்கள். 0.6, 0.7 என்று ஓரளவு அசையாமல் நின்றால் கன்வேர்ட்டர் வேலை செய்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஊஞ்சல் ஆடினால் அது முடிந்துவிட்டது. மாற்றும் முன் ஏன் செத்தது என்று தேட வேண்டும். உதறலோடு ஓட்டியதா, எஞ்சின் ஒயில் குடிக்கிறதா? அதைத் தீர்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டித் தருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு அந்த லைட் அணையவே அணையாது, வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும்.

சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

பி 0335 அல்லது பி 0340. எஞ்சின் சுழல்வதைக் காருக்குச் சொல்லும் கிராங்க், காம் சென்சர்கள். சொக்கட்டில் ஒயில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. ஓடும்போது அணைந்தால் ஸ்டியரிங்கும் பிறேக்கும் கனமாகிவிடும். இந்த அறிகுறி உள்ள காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போகாதீர்கள். முதல் நாளே காட்டுங்கள்.

அக்வா, பிரியஸ், அக்சியோ ஹைபிரிட்டில் பி 0ஏ80

இது பெரிய ஹைபிரிட் பற்றரி பலவீனம் என்று சொல்லும் கோட். பின் சீட்டின் பக்கத்தில் அந்தப் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கும். அதன் மேல் பையோ துணியோ கிடக்கிறதா, வலையில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். வலையை எடுத்துத் தூசி தட்டலாம். அதோடு நிறுத்துங்கள். அக்வாவின் பற்றரி 144 வோல்ற், பிரியஸில் 200க்கு மேல். செம்மஞ்சள் வயரைத் தொட்டு விளையாட முடியாது. பி 0ஏஏ6 வந்தால் மின்கசிவு, எதையும் கழற்றாமல் ஹைபிரிட் படித்தவரிடம் கொண்டு போங்கள். பற்றரி மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒவ்வொரு புளொக்கின் வோல்ற்றேஜையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் புளொக் மற்றவற்றை விடத் தாழ்ந்து போகிறது என்று காட்டத் தெரியாதவரிடம் பற்றரி வாங்க வேண்டாம்.

பழுது பார்த்த பிறகு

இப்போது கோடை அழிக்கலாம். காரை இரவு முழுக்க ஆற விட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். நான் கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வரை போய் வருவேன். காத்தான்குடி நெரிசலில் நின்று நின்று போவது ஐட்லிங்கைச் சோதிக்கும், அதற்கு அப்பால் வெளியான ரோட்டில் ஒரே வேகத்தில் பிடித்துப் போகலாம். ஃப்ரீஸ் ஃப்ரேமில் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் பழுது வந்திருந்ததோ அந்த நிலையைக் கட்டாயம் ஒரு தரம் கொண்டு வர வேண்டும். திரும்பி வந்து பெண்டிங் பகுதியைத் திறந்து பார்ப்பேன். மறுநாளும் அதே ஓட்டம், அதே பார்வை. இரண்டு நாளும் அது வெறுமையாக இருந்தால்தான் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுப்பேன்.